மதியம் வரைக்கும் ஒரு விருந்தாளி

— இன்னொரு துண்டு வெட்டட்டுமா?

— போதும், மிஸ் ஒடெஸா. ஏற்கெனவே ரெண்டு துண்டு ஆயிடுச்சு.

— ரெண்டு தின்னவனுக்கு மூணாவதுக்கும் எடம் இருக்கும். தட்டை நீட்டு, வண்டு.

— அந்தப் பேரை நீங்க இன்னும் விடலையா? எனக்கு எழுபத்தொரு வயசு. சட்டக் கல்லூரியில பேராசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன். மூணு பல்கலைக்கழகம் எனக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்திருக்கு.

— பட்டம் குடுத்தவங்க யாரும் நீ கால்சட்டை இல்லாம எங்க பீச் பழ மரத்துல ஏறினதைப் பாக்கலையே. எங்க வெளக்கு எரிஞ்சாலும் போய் முட்டிக்குவ. அதனாலதான் வண்டு. இந்த ஹேஸ்டன் ஊர்ல யாரைக் கேட்டாலும் வண்டுன்னாத்தான் உன்னைத் தெரியும். நீ என்னடான்னா கவுன்சில் ஓட்டுச் சீட்டுல 'முனைவர் லூஷியஸ் டி. ஹாக்கெட், மூன்றாமவர்'னு போட்டுக்கிட்ட. எதுத்த வீட்டு ஹெட்டி என்னைக் கேக்கறா, யாரு இந்த டாக்டர், முட்டிவலிக்கு மருந்து குடுப்பாரான்னு.

— சட்டப்படி என் பேர் அதுதான்.

— சட்டப்படியான பேருக்கு அறுபத்தொரு ஓட்டு விழுந்துச்சே, அதுவே பெருசு.

— என்னை எதிர்த்து நின்ன ரூஃபஸ் ஷெல்பிக்கும் அறுபத்தொண்ணுதான் விழுந்திருக்கு.

— அவன் கெளுத்தி மீன் வறுத்துப் போட்டான், கேட்டியா. சோள மாவுல புரட்டி, மொறுமொறுன்னு. வார்டு முழுக்க அன்னைக்கு எவ வீட்லயும் அடுப்பு எரியல. நீ என்ன குடுத்த? நாலு பக்கத்துக்கு நோட்டீசு. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ நம்பர் போட்டு, பொடிப் பொடி எழுத்தா...

— அது அடிக்குறிப்பு. மேல சொன்னதுக்கு ஆதாரம்.

— ஹெட்டி அதை மருந்து பாட்டில்ல போடற எச்சரிக்கைன்னு நெனச்சுட்டா. உன் நோட்டீசைக் கொழந்தைங்க கைக்கு எட்டாத எடத்துல வெச்சிருக்கா.

— மூணாவது வார்டு வடிகால் பிரச்சினைக்கு ஒரு வரலாற்றுப் பின்னணி இருக்கு, மிஸ் ஒடெஸா. அதாவது, முதலாவதா...

— வடிகால்ல தண்ணி நிக்குது, வண்டு. பின்னணியிலயும் நிக்குது, முன்னணியிலயும் நிக்குது. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் சர்ச்சுக்குப் போறோம். டீ ஊத்தட்டுமா? ஐஸெல்லாம் கரைஞ்சு போச்சு பாரு.

— ஊத்துங்க. நான் ஒண்ணும் அவசரமாப் போக வேண்டியதில்ல. உங்களுக்கு... உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா இன்னைக்கு?

— எனக்கு என்ன வேலை? வீட்டைக் கூட்டிட்டேன். செடிக்குத் தண்ணி விட்டுட்டேன். கேக் நேத்தே சுட்டு வெச்சுட்டேன்.

— பிறகு ஏன் சர்ச்சுக்குப் போற உடுப்புல இருக்கீங்க? தொப்பி, முத்துமாலை எல்லாம்...

— விருந்தாளி வந்தா கிழிஞ்ச கவுனோடயா உக்காந்திருக்கணும்?

— நான் வர்றேன்னு சொல்லவே இல்லையே.

— யாரு வர்றேன்னு சொல்றாங்க? வியாழக்கெழமை ஆனா ஒரு கேக் சுட்டு வெச்சிடுவேன். ஞாயித்துக்கெழமை வரைக்கும் மூடி வெச்சிருப்பேன். திங்கக்கெழமை புறாவுக்குப் போட்டுடுவேன். எங்க தெருப் புறா பறக்க முடியாம நடந்து போகுது, பாத்திருப்ப.

— உங்க மக?

— டெட்ராய்ட்ல இருக்கா. கிறிஸ்துமஸுக்கு வாரேன்னா. எந்தக் கிறிஸ்துமஸுன்னு சொல்லல. உன் மகன்?

— ஞாயிற்றுக்கிழமை தவறாம கூப்பிடுவான். கார் ஓட்டிக்கிட்டே பேசுவான். சிவப்பு விளக்கு விழுந்தா பேசுவான், பச்சை விழுந்தா 'சரிப்பா'ம்பான். அவங்க ஊர்ல பச்சை விளக்கு ரொம்ப நேரம் எரியுது.

— உன் சம்சாரம் கான்ஸ்டன்ஸ் தவறிப்போய் ரெண்டு வருஷம் ஆச்சில்ல?

— வர்ற நவம்பரோட மூணு.

— நீ ஊருக்குத் திரும்பி வந்தே ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த மேட்டு வீட்லேருந்து எங்க தெருவுக்கு எறங்கி வர வழி தெரியலையா?

— பெட்டியெல்லாம் பிரிக்க வேண்டியிருந்தது, மிஸ் ஒடெஸா.

— ரெண்டு வருஷமா?

— நாப்பது பெட்டி. புத்தகம். விருதெல்லாம் தனியா நாலு பெட்டி. கண்ணாடிக் கட்டி மாதிரி ஒண்ணு கொடுக்கறாங்க, அதை நிக்க வெச்சா தூசி, படுக்க வெச்சா என்னன்னே தெரியல. மேடைக்கு மேடை எனக்கு ஒண்ணு கொடுத்தாங்க. அதுல என் பேரை நானே படிச்சுப் பாத்துக்கறேன் சில நாள்.

— உன் பெரிய விருந்து ஒண்ணுக்கு நானும் வந்தேனே, ஞாபகம் இருக்கா? நம்ம கேஸ் ஜெயிச்சு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சுன்னு கூப்பிட்டீங்களே.

— உங்க பேர்ல வந்த டாலிவர் தீர்ப்போட வெள்ளி விழா. எப்படி மறக்க முடியும்? நாட்டோட எல்லாப் பக்கத்துலேருந்தும் சிவில் உரிமை வக்கீல்கள் வந்திருந்தாங்க. வாக்குரிமைச் சட்ட வரலாற்றுல டாலிவர் ஒரு...

— அந்த டாலிவரைச் சமையக்கட்டுக் கதவு பக்கம் உக்கார வெச்சிருந்தாங்க. தட்டு தூக்கிட்டு வர்றவனெல்லாம் என் தொப்பிய இடிச்சுக்கிட்டே போனான். கோழி கல்லு மாதிரி இருந்துச்சு. மேஜையில அட்டை வெச்சிருந்தாங்க, 'டாலிவர், வாதி'ன்னு. மிஸ் கூட இல்ல, மிஸஸ் கூட இல்ல.

— அது அமைப்பாளர்களோட கவனக்குறைவு.

— நீ பேசினது யாரோட கவனக்குறைவு? மேடை ஏறி, 'துணி வெளுத்துப் பிழைத்த ஓர் ஏழைப் பெண்'ன்னு என்னைக் கை காட்டின. சனமெல்லாம் எந்திரிச்சு நின்னு கை தட்டுது. நான் எந்தக் காலத்துலடா துணி வெளுத்தேன்? சட்டைக் கம்பெனியில காலர் தெச்சேன். யூனியன் தலைவியா வேற இருந்தேன். வீட்டுத் துணியே எங்க வீட்டுக்காரர் வெண்டல்தான் தொவைப்பாரு, பாவம்.

— ஒரு வகையில... சொற்பொழிவுன்னா கொஞ்சம் சுருக்க வேண்டியிருக்கும்.

— சுருக்கினதுல என் தையல் மெஷினையே தூக்கிட்டியே. அப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காமலே அந்த விருந்துலேருந்து நேரா ஏர்போர்ட்டுக்குப் போயிட்ட. இன்னும் கொஞ்சம் க்ரீம்?

— கொஞ்சமா. உங்க ரோஜாச்செடி இந்த வருஷம் நல்லா வந்திருக்கு.

— அது காகிதப்பூ, வண்டு. ஜாடியில சொருகி வெச்சிருக்கேன். செடி வெளிய இருக்கு. அதைப் பாக்கணும்னா நீ தலையைத் திருப்பணும். வந்ததுலேருந்து அந்த நாற்காலியில கெடக்கற என் கறுப்புக் கைப்பையைத்தான் பாத்துக்கிட்டிருக்க.

— நானா? இல்லையே.

— அந்தப் பையாலதானே செவ்வாக்கெழமை ஓட்டுச் சாவடியில அவ்வளவு கூத்து. நீ கேள்விப்படல?

— லேசாக் காதுல விழுந்தது.

— லேசாவா? உன் தலையெழுத்தே அதுலதானே தொங்குது. ஓட்டுப் போடற அன்னைக்கு நான் எப்பவும் வெள்ளைப் பைதான் எடுப்பேன், வெள்ளைச் செருப்போட. அடையாள அட்டை கறுப்புப் பைல இருந்துடுச்சு. ஓட்டுச் சாவடியில யாரு உக்காந்திருக்கா? நம்ம டெலோரிஸ் பொண்ணு ஷானெல். அவ ஞானஸ்நானத்துக்கு கவுன் தெச்சுக் குடுத்ததே நான்தான். தண்ணி தலையில விழுந்ததும் என் மடியில கத்தினா. அவ என் மூஞ்சியைப் பாத்து, 'அத்தை, நீங்க யாருன்னு அத்தாட்சி காட்டணும்'ங்கறா! பின்னால வரிசையில நின்னவங்கல்லாம், 'அடி, அது மிஸ் ஒடெஸாடி'ங்கறாங்க. 'எனக்குத் தெரியும், ஆனா விதிக்குத் தெரியாதே'ங்கறா.

— அவங்க அவங்க கடமையைத்தானே செஞ்சாங்க.

— சரி, செய்யட்டும். என் ஓட்டைத் தனியா ஒரு உறையில போட்டு ஒட்டிட்டாங்க. வெள்ளிக்கெழமை மத்தியானம் பன்னெண்டுக்குள்ள கோர்ட்டுக் கட்டடத்துல போய், பதிவு ஆபீசுல அட்டையைக் காட்டினா உறையைப் பிரிச்சு எண்ணுவாங்களாம். காட்டலைன்னா உறையோட குப்பைக்காம். நீயும் ரூஃபஸும் சமமா நிக்கறீங்க. ஊர்ல ஒரே உறை என்னுது. சனம் பூரா அதைப் பத்தியே பேசுது.

— உறை எண்ணப்படலைன்னா, சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு பண்ணுவாங்க. அதுவும் சட்டத்துல இருக்கறதுதான்.

— எண்ணினா?

— எண்ணினா... நீங்க ரூஃபஸ் டீக்கனா ஊழியம் பண்ற சர்ச். ஒவ்வொரு ஞாயிறும் அவர் மனைவி மேவிஸ் கார்ல போறீங்க. ஊர்ல என்ன பேசிக்கறாங்கன்னா...

— என்ன பேசிக்கறாங்க?

— உறைக்குள்ள இருக்கறது ரூஃபஸ்தான்னு. நீங்க... யாருக்குப் போட்டீங்க, மிஸ் ஒடெஸா?

— அட ஆண்டவரே! கேஸ் நடந்தப்ப கார்ல வெச்சு எனக்கு என்ன சொல்லிக் குடுத்த? 'ஆண்டவரே எறங்கி வந்து கேட்டாலும் யாருக்குப் போட்டேன்னு சொல்லாதீங்க'ன்னியா இல்லையா? நாப்பது வருஷம் ஆச்சு. வெண்டல் கேட்டே நான் சொல்லல. அந்த மனுசன் கேட்டுக் கேட்டே செத்துப் போனார்.

— சரி, சரி. கேட்டது தப்பு. இந்தக் கேக்ல எலுமிச்சைத் தோல் சேர்த்திருக்கீங்க போல?

— ஜாதிக்காய். இன்னைக்கு என்ன கெழமை?

— இன்னைக்கா? ஜாதிக்காய்ன்னா துருவிப் போடுவீங்களா, இல்ல பொடியாவே வாங்குவீங்களா?

— துருவி. கெழமை கேட்டேன்.

— வெள்ளி. வெள்ளிக்கிழமைதான்.

— மணி? அந்தச் சுவர்க் கடிகாரம் வெண்டல் போனப்பவே நின்னுடுச்சு. உன் கையில கட்டியிருக்கியே தங்கத்துல.

— பதினொண்ணு... இன்னும் ஆகல.

— அப்படியா? நெறைய நேரம் இருக்கு. ஏன் மூச்சு வாங்குது உனக்கு? காத்தாடிய வேகமா வைக்கட்டுமா?

— வேண்டாம். உட்காருங்க. கோட்பாட்டளவில பாத்தா அந்த விதி நியாயமானதுதான், தெரியுமா? யாரையும் தடுக்கல. வந்து முகத்தைக் காட்டிட்டுப் போகச் சொல்றாங்க, அவ்வளவுதான். விருப்பம் இருக்கறவங்க வருவாங்க. வராதவங்களுக்கு அவ்வளவு விருப்பம் இல்லைன்னுதானே அர்த்தம்?

— இதே வார்த்தையை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே.

— பொதுவாச் சொல்ற வாதம்தான்.

— கூண்டுல நின்னு சொன்னார். நீலக் கோட்டு. வேர்வை வழியுது. உன் கேள்விக்குப் பதிலா சொன்னார். யாரு... இரு, போன் அடிக்குது. ஹலோ. ம். ஆமா மேவிஸ், இங்கதான் இருக்கேன். இல்ல, இல்ல, நீ காரை எடுத்துக்கிட்டு வராதே. எனக்கு அது இப்ப வேணாம். வேணாம்னா வேணாம். விருந்தாளி வந்திருக்காங்க. யாரா? நம்ம வண்டு. ஆமா, அவனேதான். மூணாவது துண்டு ஓடிக்கிட்டிருக்கு. ரூஃபஸுகிட்ட ஒண்ணும் சொல்லாதே. சரி, ஞாயித்துக்கெழமை பாக்கலாம். வெச்சுடறேன்.

— மேவிஸா?

— மேவிஸ்தான். கார்ல வரட்டுமான்னா. வேணாம்னுட்டேன். நீயும்தான் காதுல வாங்கினியே.

— நல்லது. வெயில் வேற கொளுத்துது. ஆகஸ்ட் மாசத்துல வயசானவங்க வெளிய போறது... மருத்துவர்களே வேணாம்ங்கறாங்க.

— ரொம்ப அக்கறை உனக்கு. சரி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. பெரிய பெரிய கோர்ட்டுல பேசினவன் நீ. இந்த ஊர் கவுன்சில்ல உனக்கு என்னடா வேலை? தெருவெளக்கு, நாய் வரி, சாக்கடை. இதுக்கா அடிக்குறிப்பு போட்டு அலைஞ்ச?

— மக்கள் பிரதிநிதித்துவம்ங்கறது அடித்தளத்துலேருந்துதான்...

— நோட்டீசை மடிச்சு வை. உன்னைக் கேட்டேன்.

— திங்கக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குக் கூட்டம். டவுன் ஹால்ல ஒரு நீள மேஜை இருக்கு.

— இருக்கு. ஒரு கால் ஆடும்.

— அதைச் சுத்தி அஞ்சு பேர் உட்காருவாங்க. ஒவ்வொருத்தர் முன்னாலயும் தண்ணி டம்ளர். மேயர் ஒவ்வொருத்தராப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். வந்திருக்கறவங்க 'வந்திருக்கேன்'னு சொல்லணும். அப்புறம் ஏதோ ஒரு விஷயத்தை எடுத்து, 'ஹாக்கெட், நீங்க என்ன நினைக்கறீங்க?'ன்னு கேட்பார்.

— சாக்கடையைப் பத்திக் கேப்பார்.

— சாக்கடையா இருந்தா என்ன, மிஸ் ஒடெஸா? யாராவது கேட்பாங்களே. அந்த வீட்ல நான் சத்தமாப் பேசினா சத்தம் மாடிக்குப் போய்ட்டுத் திரும்பி வருது. போன வாரம் செய்தி பாத்துக்கிட்டே ஒரு தீர்ப்பைப் பத்தி அரை மணி நேரம் பேசியிருக்கேன். பேசி முடிச்சு, 'நீ என்ன சொல்ற, கான்ஸ்டன்ஸ்?'னு திரும்பறேன். அவ நாற்காலியில தபால்ல வந்த பத்திரிகை கிடக்கு.

— ம்.

— அதான். அந்த மேஜையில ஒரு நாற்காலி. வேற ஒண்ணும் இல்ல.

— ம். இன்னும் கொஞ்சம் டீ ஊத்திக்க. கேஸ் நடந்த நாளெல்லாம் ஞாபகம் வருது எனக்கு. இதே மேஜையிலதான் உக்காந்து எழுதுவ. ஒல்லியா இருப்ப, கழுத்துல டை மட்டும்தான் தெரியும். வாரா வாரம் வருவ. தீர்ப்பு வந்த அன்னைக்கு சாயங்காலமும் வந்து, வாசல்ல என்னை நிக்க வெச்சு பத்திரிகைக்கு போட்டோ எடுத்த. அதுக்கப்புறம் இந்த வாசல்ல உன் காலடி விழுந்தது இன்னைக்குத்தான்.

— வேலை... நாட்டுல எங்க பாத்தாலும் வழக்கு இருந்தது. யாராவது எங்கயாவது பட்டியல்லேருந்து நீக்கப்பட்டுக்கிட்டே இருந்தாங்க.

— இருந்தாங்க. நான் எதுக்கு நீக்கப்பட்டேன்னு ஞாபகம் இருக்கா?

— எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கேன்! எண்பத்து மூணுல இந்த மாவட்டத்துல, பதிவான வாக்காளர் எல்லாரும் மறுபடி நேர்ல வந்து முகம் காட்டணும், இல்லைன்னா பேர் போயிடும்னு உத்தரவு போட்டாங்க. பதிவு ஆபீஸ் திறந்திருக்கற நேரம்தான் உங்க கம்பெனி ஷிஃப்ட் நேரம். நம்ம கறுப்பின ஆளுங்க பாதிப் பேர் போக முடியல. அதாவது, நேர விதி நடுநிலையா இருந்தாலும் அதோட விளைவு நடுநிலையா இல்ல. அதுதான் டாலிவர்.

— அது உன் டாலிவர். என் டாலிவர் வேற. கடைசி நாள் நான் ஷிஃப்டுக்கே போகல, வண்டு. லீவு போட்டிருந்தேன்.

— லீவா?

— மொத நாளே உன்கிட்ட சொன்னேன். நீ எழுதவே இல்ல. லீவு போட்டு, குளிச்சு, தொப்பி வெச்சு வாசப்படி எறங்கறேன். வாசல்ல ஒரு கார் வந்து நிக்குது. யாரு எறங்கறா? மிஸ்டர் ப்ளெட்ஸோ. பதிவு ஆபீஸ் அதிகாரி, நீலக் கோட்டோட கூண்டுல நின்னாரே, அவரேதான். தொப்பிய நெஞ்சுல வெச்சுக்கிட்டு, 'ஒடெஸா, இன்னைக்கு என்ன வெயில்! உள்ள வந்து கொஞ்சம் உக்காரலாமா?'ங்கறார். வெள்ளைக்கார மனுசன் ஒருத்தர் எங்க வீட்டு நாற்காலியில உக்காந்ததே இல்ல அது வரைக்கும். நான் என்ன பண்ணுவேன்? 'எனக்கு வேலை இருக்கு, எந்திரிங்க'ன்னு சொல்வேனா? எங்கம்மா என்னை அப்படியா வளத்தாங்க?

— மிஸ் ஒடெஸா...

— கேளு. டீ குடுத்தேன். அவர் வேட்டை நாயைப் பத்திப் பேசினார். தொட்டியில செடி நல்லா இருக்குன்னார். எங்க மாமனார் முதுகுவலியை விசாரிச்சார். வெளிய போனா வெயில்ல மயக்கம் வந்துடும்னு அக்கறையா சொன்னார். எந்திரிக்கவே இல்ல. ஆபீஸ் மூடற நேரம் தாண்டினதும் தொப்பிய எடுத்துக்கிட்டு, 'ரொம்ப நல்ல பேச்சு, ஒடெஸா'ன்னுட்டுப் போனார். அன்னைக்கு நம்ம ரோட்டுல நாலு வீட்டுக்கு நாலு பேர் விருந்தாளி வந்திருந்தாங்க. எல்லாருக்கும் நாங்க டீ ஊத்திக் குடுத்தோம்.

— நான்... நீங்க சொன்னீங்க. இப்ப ஞாபகம் வருது.

— நீ பேனாவை மூடி வெச்சுட்டு என்ன சொன்ன?

— 'இதை நீதிபதிகிட்ட சொல்ல முடியாது'ன்னேன். 'மரியாதையா ஒருத்தர் வந்து உட்கார்ந்து பேசினதைக் குற்றம்னு எப்படி நிரூபிக்கறது? கோர்ட்டே சிரிக்கும்'னேன். ஷிஃப்ட் நேரத்தை மட்டும் சொல்வோம்னேன்.

— கெட்டிக்காரத்தனம்தான். ஜெயிச்சோமே. ஆனா ஒண்ணு சொல்லணும், வண்டு. ப்ளெட்ஸோ மேல எனக்கு ஆயிரம் கோவம் இருக்கலாம். கேக்குல அவர் ஒரு துண்டோட நிறுத்திக்கிட்டார்.

— தட்டை எடுத்துக்கங்க. எனக்குப் போதும்.

— என்ன, தொண்டையில மாட்டிக்கிச்சா? தண்ணி குடி.

— மணி பதினொண்ணே முக்கால், மிஸ் ஒடெஸா.

— இப்பத்தானே பதினொண்ணு ஆகலன்ன?

— பொய் சொன்னேன். அப்பவே பதினொண்ணு தாண்டிடுச்சு.

— தெரியும். கடிகாரம் நின்னா என்ன, தபால் வண்டி நிக்குமா? பதினொரு மணிக்கு வர்ற வண்டி நீ பொய் சொல்றதுக்கு முந்தியே போயிடுச்சு.

— எந்திரிங்க. அந்தக் கறுப்புப் பையை எடுங்க. அட்டை உள்ள இருக்கில்ல? என் கார் வாசல்லயே நிக்குது. கோர்ட்டுக் கட்டடத்துக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. படியேற நான் கை பிடிச்சுக்கறேன்.

— நான் போய் அட்டையைக் காட்டினா நீ தோத்துடுவ.

— தெரியும்.

— சீட்டுக் குலுக்கல்கூட இருக்காது. நேரா ரூஃபஸ்தான்னு ஊரே சொல்லுதாமே.

— சொல்லட்டும். எந்திரிங்க, தயவுசெஞ்சு.

— அந்த மேஜை? தண்ணி டம்ளர்? 'ஹாக்கெட், நீங்க என்ன நினைக்கறீங்க?'

— ரூஃபஸை நினைக்கச் சொல்லலாம். நான் காலையில பல் தேய்க்கறப்ப கண்ணாடியைப் பாத்து 'இது நியாயம்தானா?'ன்னு கேட்டேன். 'நியாயம்தான், சும்மா ஒரு மரியாதைக்குப் போய்ப் பேசிட்டு வர்றோம்'னு பதில் சொன்னேன். ப்ளெட்ஸோவும் கண்ணாடி பாத்திருப்பார். நாப்பது வருஷம் அந்த ஆளைப் பத்திப் பாடம் எடுத்துட்டு, கடைசில... சாவி எங்க? என் கார் சாவி எங்க வெச்சேன்?

— கேக் தட்டுக்கு அடியில இருக்கு. உக்காரு.

— உட்கார நேரமில்ல!

— உக்காருடா. நான் காலையில எட்டு மணிக்கே போயிட்டு வந்துட்டேன்.

— என்ன?

— கோர்ட்டுக்குத்தான். ஆபீஸ் கதவைத் தெறக்கறப்பவே நின்னேன். மேவிஸ் கூட்டிட்டுப் போனா. அட்டையைக் காட்டினேன், கையெழுத்துப் போட்டேன், வந்தேன். பின்ன இந்தத் தொப்பியும் முத்துமாலையும் உனக்காகன்னா நெனச்ச? வீடு வந்து செருப்பைக் கழட்டறேன், நீ வாசல்ல தொப்பியை நெஞ்சுல வெச்சுக்கிட்டு நிக்கற.

— அப்ப மேவிஸ் போன் பண்ணது? கார் வேணாம்னீங்களே?

— என் குடையை அவ கார்ல விட்டுட்டு எறங்கிட்டேன். கொண்டு வந்து தரட்டுமான்னா. ஞாயித்துக்கெழமை வாங்கிக்கறேன்னுட்டேன்.

— அப்ப நான் வந்தப்பவே... நான் அந்த ரோஜாவைப் பத்திப் பேசினப்ப, ஜாதிக்காயைப் பத்திக் கேட்டப்ப... இவ்வளவு நேரமும் தெரிஞ்சுக்கிட்டேவா உட்கார்ந்திருந்தீங்க? எல்லாம் முடிஞ்சாச்சுன்னு வாசல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மிஸ் ஒடெஸா. ஏன் சொல்லல?

— சொல்லியிருந்தா நீ அப்பவே போயிருப்பியே, வண்டு.